நூற்றில் எண்பத்தொன்று

லீஷ்மன் சாயம் காய்ந்ததும்
கண்ணாடித் துண்டை லென்ஸுக்கடியில் தள்ளுகிறேன்.
தஸ்தகீர் பாய், அறுபத்திரண்டு,
புதுப்பேட்டை.
கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர்.
சளி, காலை ஏழே கால்.

ஊதா நிறத்தில் கரு,
மூன்று நான்காகக் கிள்ளி ஒட்டவைத்தது போல.
பொத்தானைத் தட்டி எண்ணுகிறேன்.
நியூட்ரோஃபில். நியூட்ரோஃபில்.
நடுவே ஒரு மேக்ரோஃபேஜ்,
வயிறு முழுக்கக் கரித்துகள்,
செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.
மறுபடி நியூட்ரோஃபில்.

தீயணைக்க வந்தவர்கள்.
வந்த வேகத்தில் கதவை உடைத்தார்கள், சரி;
தீ அணைந்த பின்னும்
ஜன்னல், பரண், கொடிக்கயிறு என்று
கோடரி ஓயவில்லை.
மூச்சை வெளியே தள்ளும் ரப்பர் நார்கள்
இவர்கள் சிந்தும் நொதியில் இற்றுப்போக,
உள்ளே போன காற்று
வாடகை தராமல்
அங்கேயே குடியிருக்கிறது.

ஓட்டேரி ஆஸ்பத்திரியின் கம்பிக் கவுண்டருக்கு அப்பால்
பாய் நிற்கிறார்,
இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.
"எதிரி யாரும்... தெரியுதா... மா?"
"இதுல கிருமி தென்படல பாய்.
எல்லாம் உங்க ஆளுங்கதான்."
சிரிக்கப் பார்த்தார்.
இருமல் முந்திக்கொண்டது.

பீடியை விட்டு ஆறு வருஷம்.
ஸ்ப்ரே துப்பாக்கியை மருமகனிடம் கொடுத்து நாலு.
அதை இவர்களுக்கு
யார் போய்ச் சொல்வது?

ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
81 என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார் பாய்,
காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து.
எழும்பூர் பஸ் வந்து நின்று போகிறது.
அடுத்ததும்.