மூன்றாம் மாடி

மூன்றாம் மாடிக்கு நான்தான் பொறுப்பு.
ஆரஞ்சு மேலங்கி, ஒரு விசில்,
முப்பத்தெட்டுப் பெயர்கள் உள்ள அட்டை.
தண்ணீர் வாரியக் கணக்குப் பிரிவில்
வேறு யாரும் வேண்டாமென்றதால்
என் தலையில் விழுந்த பதவி.

செப்டம்பர் பத்தொன்பதில்
மெக்சிகோ நகரம் முழுக்க
பொய்யாய் ஒரு சங்கு ஊதும்.
பொய்யாய் நாங்கள் இறங்குவோம்.
எவுசேபியா காப்பிக் கோப்பையோடு,
வுல்ஃப்ரானோ நெருப்புப்பெட்டிக்குப் பை தடவியபடி.
ஓடாதே, கத்தாதே, தள்ளாதே:
சுவரில் ஒட்டிய மூன்று கட்டளைகள்.
எழுத்து வெளிறி, படம் மட்டும் மிச்சம்.

எல்லாம் எண்பத்தைந்தால் வந்தது.
காலை ஏழே கால் தாண்டியிருக்கும்.
எனக்கு ஏழு வயது, ஒரு காலில் மட்டும் காலுறை.
பால் பாத்திரம் அடுப்பைவிட்டுத் தானே இறங்கி
தரையில் நடந்ததைப் பார்த்துச் சிரித்தேன்.
அம்மா அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள்,
சான் அந்தோனியோ அபாத் சாலைத் தையல் ஆலைக்கு.
அவள் பெயர் ரெஃபூஹியோ.
அடைக்கலம் என்று பொருள்.

துணி திருட்டுப் போகுமென்று
கதவை வெளியே பூட்டுவது அங்கே வழக்கம்.
முதலாளியின் ஆட்கள் வந்ததும்
முதலில் இரும்புப் பெட்டியைத்தான் தேடினார்கள்
என்றாள் சித்தி.
ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

பதினேழாம் ஆண்டு.
காலை பதினொரு மணிக்கு ஒத்திகை.
மூன்று நிமிடம், நாற்பது நொடி.
"சென்ற ஆண்டைவிட மந்தம்" என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டுவிட்டேன்.
மை காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.
மதியம் ஒன்று பதினான்குக்குத்
தரை முந்திக்கொண்டது,
சங்கு பின்னால் ஓடி வந்தது.
ஓடினோம். கத்தினோம். தள்ளினோம்.
தெருவில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு.
மறுபடி எண்ணினேன், முப்பத்தேழு.
கழிப்பறையிலிருந்து நிகாண்ட்ரோ
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி வந்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
எவுசேபியா அவனை அறைந்தாள், பிறகு அணைத்துக்கொண்டாள்.

அன்றிரவு வேறொரு தெரு, வேறொரு இடிபாடு.
வாளிகள் கைமாறும் வரிசையில் நின்றேன்.
மேலே ஒருவர் முஷ்டியை உயர்த்தினார்.
அடுத்தவர் உயர்த்தினார், அதற்கடுத்தவரும்.
லாரிகள் எஞ்சினை அணைத்தன.
உள்ளே யாராவது மூச்சுவிடுகிறார்களா என்று
ஒரு தெரு முழுக்கக் காதானது.
என் கைக்கடிகாரத்தைக் கழற்றி
பையின் அடியில், கைக்குட்டைக்குள் வைத்தேன்.

இருபத்திரண்டில் சங்கு இரண்டு முறை ஊதியது.
பன்னிரண்டு பத்தொன்பதுக்குப் பொய்.
ஒன்று ஐந்துக்கு மெய்.
"ஒத்திகைதான் முடிந்ததே, எவன் விளையாடுகிறான்?"
என்றான் வுல்ஃப்ரானோ.
விளக்கு ஊசலாடத் தொடங்கியது.

கீழே நடைபாதையில் உட்கார்ந்து
என் அட்டையின் பின்பக்கத்தில்
நிகாண்ட்ரோ கணக்குப் போட்டான்.
மூன்றும் ஒரே தேதியில் விழுவதற்கு
லட்சத்து முப்பத்து மூவாயிரத்து
இருநூற்று இருபத்தைந்தில் ஒன்று.
"பூமியிடம் நாட்காட்டி கிடையாது" என்று
வானொலியில் ஒரு நிபுணர் சொல்லிக்கொண்டிருந்தார்.
பட்ட காலிலே படும் என்பதற்கு
அவரிடம் சூத்திரம் இல்லை.

இப்போதெல்லாம் ஒத்திகை முடிந்தும்
யாரும் மேலே போவதில்லை.
மேலாளரும் கேட்பதில்லை.
தாமாலே விற்பவனுக்கு விஷயம் தெரியும்;
அன்று மட்டும் மூன்று சக்கர வண்டியை
எங்கள் வாசலுக்கே கொண்டுவருவான்.
ஒன்றரை வரை தின்போம்,
காலடியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

ஒரு திருத்தம்.
பதவி தலையில் விழுந்ததல்ல,
கேட்டு வாங்கினேன்.
படிக்கட்டுக் கதவின் சாவி
மாடிப் பொறுப்பாளரிடம் இருக்கும் என்று
சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது.
சாவி கைக்கு வந்த அன்று மாலையே
பேருந்து நிறுத்தத்துச் சாக்கடையில் போட்டேன்.
இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை.
கேட்டால், தேடுகிறேன் என்பேன்.