மூன்றாம் பூச்சுக்கு முன்

முதலில் ஓட்டைகளை அடைக்க வேணும்.
பழைய பிளக் நாலையும் திரும்பப் பூட்டி,
தண்ணி போற வழிக்குப் பழந்துணி,
ஒயில் கோல் இறங்கும் துளைக்கு
மாட்டு மருந்துப் போத்தலின் றப்பர் மூடி.
அது அளவாய்ப் பொருந்தினதில்
எனக்கொரு சின்னப் பெருமை.

பகலில் நான் மிருக வைத்தியர்.
கோண்டாவில், இருபாலை, நீர்வேலி;
கன்று மாறிக் கிடந்தால்
தோள்வரை கை விடுறவள்.
இரவு எட்டுக்குப் பிறகு அதே கையுறையோடு
இந்த ஒஸ்ரினுக்கு முன்னால்.

மண்ணெண்ணெயால் கழுவினேன்.
தொண்ணூறுகளில் இது குடிச்சதும் அதைத்தானே,
பெற்றோல் போத்தல் கணக்கில்,
அதுவும் ஒளிச்சு வித்த காலம்.
அண்டைக்கு உள்ளுக்கு ஊத்தினது
இண்டைக்கு வெளியால் வழிய,
கரி கரைஞ்சு தட்டில் நிண்டுது.
மூண்டு தட்டு கறுப்பு.
நாலாவதில்தான் தட்டின் அடி தெரிஞ்சுது.

கம்பித் தூரிகை. நூற்றியிருபதாம் நம்பர் அரத்தாள்.
கை போகாத சந்தில் கறள் கிடந்தால்
எருமைக்குப் போடுற சிரிஞ்சில் அமிலம்.
மேலே ஒரு சிவப்பு உரிஞ்சுது.
அதுக்குக் கீழே ஆரோ வீட்டு யன்னலுக்கு
அடிச்சு மிஞ்சின நீலம்.
அதுக்கும் கீழே, தண்ணிப் பம்பின் பின்னால்,
நகத்தளவு பச்சை.

அந்தப் பொருக்கைப் பனடோல் மட்டைக்குள் வைச்சு
ஸ்ரான்லி வீதிக்குக் கொண்டு போனேன்.
"கிளுவை இலையோ, வெங்காயத் தாளோ?"
எண்டு கடைப் பெடியன் கேட்டான்.
எச்சில் தொட்டுத் தேய்ச்சும் பார்த்தான்.
ஈரத்தில் அது வேற பச்சை.
இரண்டுக்கும் நடுவே ஒண்டு கலக்கித் தந்தான்.
வீட்டை வந்து ரின்னைத் திறக்க
எனக்கு வந்த முதல் ஞாபகம் ஆட்டின் பித்தப்பை.
அதைச் சொன்னால்
ஒருத்தரும் காரில் ஏறாயினம்.

இன்லெற் மனிபோல்டின் முதுகில்
ஒரு பித்தளைக் காம்பு. பற்றவைச்சது.
கொம்பனிப் புத்தகத்தில் அப்படியொண்டு இல்லை.
"வெட்டி அடைச்சு விடுங்கோ டொக்டர்,"
எண்டார் யோகதாசன்.
"ஒறிஜினலாய் இருக்க வேணும்.
தையில் கண்காட்சி, மாக்ஸ் குறைப்பாங்கள்."

காம்பில் விரல் வைச்சுப் பார்த்தேன்.
எனக்குத் தெரிஞ்ச விட்டம்.
சேலைன் குழாய் போற அளவு.
மேலே போத்தல் தொங்கியிருக்கும்,
துளி துளியாய்ப் பெற்றோல் இறங்கியிருக்கும்,
என்ஜின் கண் முழிச்ச பிறகு
மண்ணெண்ணெய்க்கு மாத்தியிருப்பினம்.
கன்று போட்டு எழும்பாத பசுவுக்கு
நானும் இதைத்தான் செய்யிறேன்.

ஆர் பற்றவைச்சதெண்டு தெரியாது.
சுற்றிவர ஒரே கனம்,
ஒரு சொட்டும் வழியேல்லை.
குண்டுக்குப் பயந்து அவசரத்தில் செய்த வேலை
இப்பிடி இராது.
அல்லது, அவசரத்திலும் சிலர்
இப்பிடித்தான் செய்வினமோ.

வெட்டேல்லை.
ஊசி மூடி ஒண்டால் அடைச்சு விட்டேன்.
யோகதாசன் மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை,
நாலாம் நாள் கொம்பிரசரோடை வந்தார்.

சோளகம் விழுந்த பின்னேரமாய்ப் பார்த்துத்தான்
அடிக்க வேணும். இல்லாட்டி
ஒழுங்கைப் புழுதி முழுக்க என்ஜினில்.
தின்னரால் துடைச்ச இடத்தில்
விரல் படக்கூடாது, வேர்வை விழக்கூடாது.
முதல் பூச்சு, கீழே பிறைமர் தெரிய, மெல்லிசாய்.
கால் மணித்தியாலம் பொறுத்து இரண்டாவது.
அது முடியிற நேரம் கரண்ட் போச்சுது.
கொம்பிரசர் மூச்சு இறங்கி நிண்டுது.

போன் வெளிச்சத்தைப் பிடிச்சுப் பார்த்தோம்.
அந்த வெளிச்சத்துக்கே ஒரு பூச்சி வந்து
வால்வு மூடிக்குப் பக்கத்தில் ஒட்டுப்பட்டுது.
சாமணத்தால் செட்டையில் பிடிச்சுத் தூக்கினேன்.
ஆறு காலில் நாலு வந்துது.

"காய விட்டுத் தேய்ப்பம்," எண்டார் யோகதாசன்.
மூன்றாம் பூச்சு கிடக்கட்டும்.
விடிய நாலு மணிக்கு நீர்வேலியில் ஒரு சினைப்பசு.
கழுவக் கழுவ நகக்கண்ணில் பச்சை நிக்குது.
பசு ஒண்டும் கேளாது.
அதின்ரை சொந்தக்காரர்தான்
என்ன வருத்தம் டொக்டர் எண்டு கேப்பார்.