முப்பத்தேழு

செந்தூலில், பதினோராம் மாடியில்,
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
விமலேந்திரன் பெயருக்கு எதிரே
நானூற்றிருபது வெள்ளி.
மூன்று மாத வாடகைப் பங்கு, நான் கட்டியது.
பென்சிலில்தான் எழுதினேன்.
அவ்வளவு நாகரிகம் எனக்கு.

கேட்கக் கூச்சம்.
அவன் அறைக்கதவு திறக்கும் சத்தம் வந்தால்
குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன்.
வாங்கியவன் கால் நீட்டிப் பந்து பார்க்கிறான்,
கொடுத்தவன்
தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றிக்கொண்டு ஒளிந்திருக்கிறேன்.

இரவு வேலை முடிந்து விடியலில் வருவான்.
சாப்பாட்டு மேசையில் எனக்கென்று
ஒரு நாசி லெமாக் பொட்டலம் வைத்துவிட்டுத்
தூங்கப் போவான்.
இரண்டு வெள்ளி ஐம்பது காசு.
இதைக் கழிப்பதா, கூடாதா?
நெத்திலியை மெல்லும்போதெல்லாம்
மனம் கழித்துக்கொண்டே இருக்கும்.

நேற்று கைப்பேசி அதிர்ந்தது.
நானூற்றிருபது. முழுசாக.
குறிப்பில் 'வாடகை' என்று மட்டும்.
ஒரு 'டா' கூட இல்லை.

இன்று காலை மேசையில் ஒன்றுமில்லை.
அவன் அறையில் காற்றாடி ஓடுகிறது.
தாளை எடுத்து ரப்பரால் தேய்த்தேன்.
எண் போனது,
அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை.

என் கதவுப் பிடியில்
பொட்டலங்களிலிருந்து கழற்றி மாட்டிய ரப்பர் வளையங்கள்.
எண்ணினேன், முப்பத்தேழு.
லிஃப்டில் இறங்கும்போது பெருக்கிப் பார்த்தேன்:
தொண்ணூற்றிரண்டு ஐம்பது.

கீழே, குடையடியில் மலாய்க்கார அம்மா.
இரண்டு பொட்டலம் என்றேன்.
சம்பல் கூடவா, குறைவா?
எனக்குக் குறைவு.
அவனுக்கு?

பின்னால் வரிசை நின்றது.