ஈறு நிறம்

பீடோர் போலீஸ் நிலையம், ஆயுத அறை.
துரைமார் கிளப்பை இழுத்துப் பூட்டிய வாரம்
சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து போட்ட
மூன்று ரிவால்வர்கள்.
பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

முத்திரை சீமையுடையது.
அதற்குப் பின் நடந்த எதுவும் சீமையில் நடக்கவில்லை:
வெள்ளிக்காசைச் சீவி
குழலின் நுனியில் பற்றவைத்த குறிமுள்,
கட்டைவிரல் வழுக்காமல் குறுக்கே கீறி அகலமாக்கிய சுத்தியல்.
விசையோ, தொட நினைத்தாலே விழுகிறது.
(குண்டில்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.)

"ஆலை இன்ஜினியர் மெக்கின்னன் வேலை"
என்றான் கிளப் பட்லர்.
மெக்கின்னன் அரம் பிடித்தால் இரும்பே அழும்
என்றார் ஆலை பிட்டர் சந்தியாகு.
ஈப்போ கடிகாரக்காரர் என்றது இன்னொரு வாய்.
துப்பாக்கி எதற்கும் தலையாட்டவில்லை.

மூன்றாவதன் பிடியில் ஒரு கீறல்.
கறுப்பு உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பு.
மரமில்லை, கொம்பில்லை.
மூக்கருகே கொண்டுபோனால்
எண்ணெய்க்கு அடியில் வெந்த ரப்பர்.
இந்த ஊரில் ரப்பருக்கா பஞ்சம்?
ஆனால் அதை ஈறு நிறத்தில் வேகவைத்தவன்
ஒருவன்தான்:
ரயில் பாதையோரப் பலகைக் கடை,
பல்செட்டு இன்னாசிமுத்து.

தபால்காரர் மனைவி கோதாவரியிடம் போனேன்.
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.
மேல்செட்டைக் கழற்றிக் கழுவி
பீங்கான் தட்டில் வைத்து நீட்டினாள்.
முப்பத்தெட்டு வருடப் பல்.
அண்ணத்தில் ஒட்டும் பக்கம்
மூன்று புள்ளி, அடுப்புக்கல் மாதிரி.
"கண்ணால பாத்ததில்ல, நாக்குக்குத் தெரியும்" என்றாள்,
பாதி காற்றாக.

திரும்பி வந்து பிடியைக் கழற்றினேன்.
உள்ளங்கை தொடாத பக்கம்
அதே மூன்று.
அடுத்ததில். அதற்கும் அடுத்ததில்.

மெழுகைச் சூடாக்கி, கடி என்பானாம்.
துரைகளிடமும் அதையேதான் சொல்லியிருப்பான்,
கையால் கடிக்க.
இதோ ஒரு துரையின் கை
பிடியில் அப்படியே இருக்கிறது:
மோதிர விரலுக்குப் பள்ளமே இல்லை.
என் கையை வைத்துப் பார்த்தேன்.
ஒரு விரல் மட்டும்
தங்க இடமில்லாமல் நின்றது.

இன்னாசிமுத்து சுட்டதுண்டா? தெரியாது.
துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை,
பல் கட்டவும்தான்.
கிளப்பில் அவன் போனது சமையல்கட்டு வரை.
வெள்ளிக் கோப்பைகளில் வேறு பெயர்கள்.

படிவத்தில் தயாரித்தவர் என்றொரு கட்டம்;
சீமைக் கம்பெனியை எழுதினேன்.
அறுத்தவர், அராவியவர், கைக்குப் பொருத்தியவர்
யாருக்கும் கட்டமில்லை.
குறிப்பு என்ற இடத்தில், பேனாவை அழுத்தி,
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
தமிழ்ப் பள்ளிச் சுவரில் தனியாக நின்றதே,
அதை வைத்தேன்:
ஃ

இன்ஸ்பெக்டர் ரஸாலி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"மை சிந்திவிட்டதா?"
எழுத்து, துவான்.