ஏழு மில்லி

கைப்பட்டையில் பெயர் இல்லை.
பேபி ஆஃப் ஷம்ஷாத், ஆண், நாற்பத்தொரு நாள்,
மூன்று கிலோ அறுநூறு.
பெயர் வைக்க ஆடு சொல்லி
இரண்டு தடவை தள்ளிப் போட்டார்களாம்.

அவனுக்கு முன்னால் அவன் சத்தம் அறைக்குள் வந்தது.
இளநீர் தீர்ந்த பிறகும்
விடாமல் உறிஞ்சும் ஸ்ட்ரா.

சளி என்றது தெருமுனைக் கிளினிக்.
புரையேறல் என்றாள் மாடிவீட்டுக்காரி.
நெபுலைசர் வாடகை நாளைக்கு நூறு ரூபாய்.
தகப்பன் மட்டும் நம்பவில்லை.
ஜக்கரியா,
புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் சைலன்சர் அறுப்பவன்.
"காத்து உள்ள போவும்போதும் கத்துது,
வெளிய வரும்போதும் கத்துது.
உள்ள அழுக்கு இல்ல மேடம்.
வெளியேர்ந்து ஏதோ நசுக்குது."
நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.
ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மயக்க மருந்து வேண்டாம் என்றிருந்தார் டாக்டர் ஹெப்சிபா.
மூச்சோடு தகராறு உள்ளவனைத் தூங்கவைத்துவிட்டு
யார் எழுப்புவது?
அதனால் பால்.
திரைக்குப் பின்னால் கொடுத்தாள் ஷம்ஷாத்,
நாலு மடக்குக்கு ஒரு முறை விலக்கி,
அவன் மூச்சைத் தேடிப் பிடித்துத் திரும்பும்வரை
காத்திருந்து காத்திருந்து.

கழுத்தில் தாயத்து. வெள்ளி.
படத்தில் கோடு விழும் என்றேன்.
கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து
என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மே மாதம்.
உள்ளே பதினெட்டு டிகிரி:
மெஷினுக்குக் குளிர்தான் பிடிக்கும்.
துண்டுகளை மானிட்டரின் முதுகில் போட்டுச் சூடாக்குவோம்,
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராதது.
சுற்றிச் சுற்றி அவனைச் சோளக்கதிராக்கினோம்.
புறங்கையில் நூல் மாதிரி ஒரு நரம்பு.
ஏழு மில்லி மருந்து, அவ்வளவுதான்,
சிஸ்டர் பிலோமினா கையாலேயே தள்ளினார்.

மெஷினுக்குள் ஒரு பெண் இருக்கிறாள்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்பாள்,
அமைச்சரானாலும் ஆட்டோக்காரரானாலும் ஒரே குரல்.
இன்று அவள் வாயை அடைத்தேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்,
வளையம் சுற்றி நின்ற பிறகும்.

ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்புறம் எலும்பு நீக்கும் வேலை.
மவுஸால் ஒவ்வொரு விலாவாக,
நெத்திலிக்கு முள் எடுப்பதுபோல.
காற்றுக்கு நீலம், இரத்தத்துக்குச் சிவப்பு,
எல்லாம் நாங்கள் பூசுவது.
உள்ளே இருட்டுதான்.

இதயத்திலிருந்து ஏறும் பெருந்தமனி
இடப்பக்கம் ஒரே வளைவாய் வளைந்து இறங்க வேண்டும்.
இவனுக்கு இரண்டாய்ப் பிரிந்து
மூச்சுக்குழாய்க்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று,
பின்னால் போய்க் கைகோத்துக்கொண்டன.
நடுவில் நீலம்
ஒன்றரை மில்லிமீட்டர்.
மறுபடி அளந்தேன். ஒன்று புள்ளி நான்கு.

வெளியில் இருந்த கயிறு என் பாக்கெட்டில்.

கருவில் எல்லோருக்கும் இரண்டும் இருக்கும் என்றார் ஹெப்சிபா,
வாரக்கணக்கில் ஒன்று தானே விலகிக்கொள்ளும்.
இவனுடையது விலகவில்லை.
அவர் ரிப்போர்ட்டில் அது ஒன்றரை வரி.

பெற்றவர்களுக்குத் திரையைக் காட்டக் கூடாது.
காட்டினேன்.
ஜக்கரியா நீலத்தின் இடுப்பில் விரல் வைத்தான்,
கிரீஸ் ரேகை பதிந்தது.
நான்தான் சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை.
"இதுல எத அறுப்பாங்க?"
மெலிந்ததை என்றேன்.
தொழில்காரனாகத் தலையாட்டினான்.
பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இரவு, எழும்பூர் ஸ்டேஷனில்
டிக்கெட்டுக்குச் சில்லறை துழாவினால்
விரலில் தாயத்து.
கடைசிக்கு முந்தைய ரயில் வந்து நின்றது, போனது.
திரும்பி நடந்தேன்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
இரண்டாம் திருப்பத்திலேயே கேட்டது
அந்த ஸ்ட்ரா,
தீர்ந்த இளநீரை விடாமல் உறிஞ்சிக்கொண்டு.
அவ்வளவு கேவலமான ஒரு சத்தத்துக்கு
படிக்கட்டில் நின்று
நான் சந்தோஷப்பட்டேன்.