ஐம்பத்து மூன்றாம் நாள்

நாற்பது போதும் என்கிறார் டயர் கடை கோக் வா.
அதற்கு மேல் விட்டால்
தாயையே முதலாளி என்று நினைத்துக்கொள்ளுமாம்,
கடைக் காவலுக்கு ஆகாதாம்.
கறுப்பு ஆண்குட்டியை அவர் ஏற்கெனவே
கண்ணாலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செம்பனை ஆலையின் இரவுக் காவலாளி தில் பகதூர்
மூன்று மாதம் என்கிறார்.
அவர் மலையில் அப்படித்தானாம்.
உங்கள் மலையில் பனி,
கோலக்கெட்டிலில் மஜ்லிஸ் லோரி என்றேன்.
வியாழக்கிழமை வருகிறதாம், சுருக்குக் கம்பியோடு.
அவர் தொப்பியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்.

கித்தாப் பால் நிறுத்த காலத்துக் கொட்டகை,
தராசு போன பிறகும் நிற்கிற சிமெண்டு மேடை,
அதன் அடியில்
மைலோ ஐந்து குட்டி போட்டது.
ஒன்று இரண்டாம் நாளே அசையவில்லை.
எங்கே தூக்கிப்போனது என்று
நான் தேடவில்லை.
கோயில் கொடுத்த நாட்காட்டியில்
ராகுகாலத்துக்குப் பக்கத்தில்
நாளுக்கொரு கோடு போட்டு வந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மக்சிக் ரொக்கியா
நாயைத் தொடமாட்டார்.
மீன் தலைகளை அவித்துப் பையில் கட்டி
வேலி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்.
இன்னும் எத்தனை நாள் என்று
தினமும் கேட்பது அவர்தான்.

நான் பல்லைப் பார்ப்பேன்.
விரலை விட்டால் ஊசி.
முப்பதாம் நாள் சோற்றுத் தட்டின்மேல் நடந்தன,
சாப்பிடவில்லை, சும்மா நடந்தன.
நாற்பதாம் நாள் கருவாட்டுச் சோற்றுக்கு
ஒன்றன்மேல் ஒன்று ஏறின.
சரி, ஆயிற்று என்று நினைப்பேன்.
அப்போது பார்த்து இடி இடிக்கும்.
நாலும் ஒரே பக்கம் ஓடும்,
மேடைக்கடியில்,
மைலோ ஊர் சுற்றப் போயிருந்தாலும்
அது படுத்துப் படுத்துக் குழிந்த மண்ணுக்கு.

கையுறை ஆலையில் எனக்கு அறுபது நாள் கொடுத்தார்கள்.
அறுபத்தொன்றாம் நாள் விடியலில்
சுங்கை பட்டாணி போகும் ஆலை பஸ்.
லோஷினி தூங்கிக்கொண்டிருந்தாள்,
எழுப்ப வேண்டாம் என்று சொன்னார்கள்.
பத்து மணிக்குச் சட்டை நனைந்தது.
சூப்பர்வைசர் வேர்வை என்று நினைத்து
காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டார்.
நல்ல மனிதர்.

அறுபது என்று யார் எண்ணினார்கள்,
யாருடைய வாயைத் திறந்து பார்த்து?

ஐம்பத்து மூன்றாம் நாள், மழை விட்ட சாயங்காலம்.
நாலும் வயிற்றுக்கடியில் முட்டின.
மைலோ படுக்கவில்லை.
நின்றபடியே கொஞ்சம் கொடுத்தாள்,
பிறகு நடக்க ஆரம்பித்தாள்.
காம்பை விடாத ஒன்று
இரண்டடி இழுபட்டுப் போய்
சேற்றில் விழுந்தது.
அவள் உறுமவில்லை, நக்கவுமில்லை.
மேடைமேல் தாவி ஏறி
தராசு இருந்த இடத்தில் படுத்துக்கொண்டாள்,
குட்டிகளுக்கு எட்டாத உயரத்தில்.
அவை கத்தக் கத்த
காதை மட்டும் அசைத்துக்கொண்டு
பார்த்தபடியே இருந்தாள்.

கோக் வாவுக்குப் போன் போட்டேன்.
புதன்கிழமை வாருங்கள்,
அதற்கு முன்னால் ஒரு துண்டு கொடுங்கள்,
வாசம் ஏறட்டும்.
அரைமணி நேரத்தில் மோட்டாரில் வந்து நின்றார்.
புதுத் துண்டு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை,
ஏழு வெள்ளி தொண்ணூறு காசு.
புதுசு உதவாது என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
கழுத்தில் கிடந்ததை உருவிக் கொடுத்தார்,
கிரீஸும் அவர் வேர்வையும் ஊறியதை.
குழியில் விரித்தேன்.
கறுப்பன் முகர்ந்தான், தும்மினான்,
ஒரு நுனியை இழுத்துப் பார்த்தான்.
நாற்பது நாள் பேசிய மனிதர்
குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கடையில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லிவிட்டும்
போகாமல்.

இரவு வேலைக்குக் கிளம்பும்போது
மேடையில் டார்ச் அடித்தேன்.
மேலே யாரும் இல்லை.
கீழே, துண்டின்மேல்,
தலைகளை எண்ணினேன்.
ஐந்து.