மூன்று சென்ரிமீற்றர்

சட்டைக்கு அளவெடுக்கும் நாடாவை
இரண்டு கெண்டைக்காலிலும் சுற்றிப் பார்த்தேன்.
வலது முப்பத்தாறு.
இடது முப்பத்தொன்பது.
நாடா வழுக்கியிருக்குமென்று திரும்பவும் சுற்றினேன்.
முப்பத்தொன்பதுதான்.

தூண் நகரில் ஏரிக்கரை ஹோட்டலொன்றின்
நிலத்தடிச் சலவை அறையில்
பதினோரு வருடமாக நிற்கிறேன்.
ஆவி உருளைக்குள் விரிப்பைக் கொடுப்பேன்,
எதிர்ப்பக்கம் கிராசா வாங்குவாள்.
ஈர விரிப்பு உலர்ந்ததைவிட
எவ்வளவு கனமென்று என்னைக் கேளுங்கள்.
மாலை ஐந்து மணிக்கு
என் கால்கள் பிழியாத விரிப்புகள்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு
முழங்காலின் பின்னால் நீலம் முறுக்கிக்கொண்டு வந்தது.
சேலை மறைத்தது.
கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகியது.
அழுக்கென்று நினைத்துக்
கடலைமா போட்டுத் தேய்த்தேன்,
ஒரு வருடம்.
இரவில் அரிக்கும். சொறிவேன்.
"காட்டு" என்பாள் கிராசா.
"நிற்கிற எல்லோருக்கும் வருவதுதானே" என்பேன்.

போன வாரம் லண்டனில் சாமத்தியவீடு.
போக ஒரு பகல், வர ஓர் இரவு,
பஸ்ஸில் மடக்கிய கால்.
தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டி வருமென்று
குடிக்கவும் இல்லை.
வந்த மூன்றாம் நாள் இடது கால் மட்டும்
பாணைப் போலப் பொங்கி,
தொட்டால் சுட்டது.

வாகீசன் நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து
நிலத்தில் குந்தினார்.
இருபது வருடத்தில் அவர் என் காலைப் பிடித்த
முதல் தடவை அதுதான்.
அந்த நேரம் பார்த்து
கிராசாவின் குரல் செய்தி,
போர்த்துக்கீசம் பாதி, ஜெர்மன் பாதி:
தேய்க்காதே.
இன்றைக்கே போ, திங்கட்கிழமைக்கென்று வைக்காதே.
என் தங்கையும் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணெய் அடுப்படியில் ஆறிப்போனது.

ஆஸ்பத்திரியில்
"நரம்பு வீங்கிவிட்டது" என்றேன்.
தொலைபேசியில் மொழிபெயர்த்த பெடியன்
"நரம்பில்லை அக்கா, நாளம்" என்று திருத்தினான்.
டொக்டர் அம்ஷ்டுட்ஸ் என் மகளைவிட
நாலைந்து வயதுதான் மூப்பு.
மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு குத்துகிறதா,
இருமலில் இரத்தமா என்று
மூன்றையும் இரண்டு தரம் கேட்டாள்.
இல்லை.
"இருந்திருந்தால் பஸ் ஏறி வரக்கூடாது,
நூற்று நாற்பத்து நாலுக்கு அடிக்க வேண்டும்."

குளிர்ந்த களியைப் பூசிக் கருவியை அமுக்கினாள்.
திரையில் இரண்டு கறுப்பு வட்டம்.
ஒன்று இதயத்திலிருந்து வருவது,
மற்றது திரும்பிப் போவது.
நல்ல நாளம் அமுக்கினால் தட்டையாகிவிடும்,
பார், என்று வலது காலில் காட்டினாள்.
கண் மூடுவதுபோல மூடியது.
இடது காலில் அமுக்கினாள்.
மூடவில்லை.
இன்னும் அமுக்கினாள்.
உள்ளே கட்டி நின்ற இரத்தம்
விழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எனக்கு விளங்கியது.
உருளை எவ்வளவு அழுத்தினாலும் படியாத விரிப்பென்றால்
உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது;
மெசினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.
இதைப் பதினோரு வருடமாகப்
புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன்.

"இந்தப் பழுப்பு எப்போதிருந்து?"
கடலைமாவைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை.

இப்போது இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை,
ஆறு மாதத்துக்கு.
விடியற்காலை இறுக்கமான காலுறையோடு மல்லுக்கட்டு,
பாத்திரம் கழுவும் றப்பர் கையுறை போட்டால்
கொஞ்சம் இலகு.
பழைய நீல முறுக்குக்கு வேறொரு நாள் குறித்திருக்கிறார்கள்.
அது அவசரமில்லையாம்;
ஆனால் விட்டுவிடவும் கூடாதாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று
நாடாவையும் கொண்டுபோனேன்.
பத்து மணி இடைவேளையில்
கிராசா காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள்.
பிறகு செலாம், பிறகு
யாரோடும் பேசாத அந்த ஹங்கேரிக்காரி.
மேற்பார்வையாளர் கூன்ட்ஸ் எட்டிப் பார்த்து
"என்ன, சட்டை தைக்கப் போகிறீர்களா?" என்றார்.

"ஆமாம்" என்றாள் கிராசா.
"அடுத்தது நீங்கள். உட்காருங்கள்."